வீட்டுக் கணினியில் அசையும் நிலக்காட்சி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சொந்தக் காசில், வீட்டில் இருக்கும் ஒரே கணினியில், மலையும் மேகமும் செய்து அசைத்துப் பார்க்க ஆசைப்படுபவர்களுக்காக எழுதியது இது. ஸ்டூடியோவில் வேலை பார்ப்பவர்களுக்கு இதில் புதிதாக ஒன்றும் இருக்காது.

இதில் என்னதான் செய்கிறீர்கள்?

ஒரு நிலத்தின் மேடுபள்ளத்தை எண்களாகக் கணினிக்குக் கொடுக்கிறோம். பாறை எங்கே, புல் எங்கே, தண்ணீர் எங்கே என்று விதி போடுகிறோம். சூரியனை ஓரிடத்தில் நிறுத்துகிறோம், கேமராவை ஓரிடத்தில் நிறுத்துகிறோம். வெளிச்சம் எதில் பட்டு எங்கே தெறிக்கும் என்று கணினி கணக்குப் போட்டு ஒரு படம் தருகிறது. அதுதான் ரெண்டர். சூரியனையோ மேகத்தையோ கேமராவையோ இம்மியளவு நகர்த்தி அடுத்த படம், அதற்கடுத்த படம் என்று நொடிக்கு 24 எடுத்தால் அனிமேஷன். ஓவியம் வரைவதைவிட இது தோட்டம் போடுவதற்குத்தான் நெருக்கம்: விதைப்பது நம் கையில், முளைப்பது நம் கையில் இல்லை.

வரையத் தெரிய வேண்டியதில்லை. மலையை உற்றுப் பார்க்கத் தெரிய வேண்டும்.

இது எப்போது வீட்டுக்குள் வந்தது?

முதலில் ஆய்வுக்கூடங்களில்தான் இருந்தது. ஐ.பி.எம். ஆய்வகத்தில் பெனுவா மாண்டல்பிராட், மலையின் கரடுமுரடு எந்த அளவில் பார்த்தாலும் ஒரே மாதிரி இருக்கிறது என்பதைக் கணிதமாக்கினார். அவருடன் வேலை பார்த்த ரிச்சர்ட் வாஸ் அந்தக் கணிதத்திலிருந்து மலைப் படங்களை எடுத்தார். அவை நிலைப்படங்கள். அசைய வைத்தவர் லோரன் கார்பென்டர். போயிங் நிறுவனத்தில் வேலை பார்த்துக்கொண்டே, மலைகளுக்கு மேல் பறந்து செல்லும் இரண்டு நிமிடப் படம் ஒன்றைச் செய்து 1980-இல் சிக்கிராஃப் என்ற கணினி வரைகலை மாநாட்டில் காட்டினார். முக்கோணத்தைச் சின்ன முக்கோணங்களாக உடைத்துக்கொண்டே போய், ஒவ்வொரு முறையும் நடுப்புள்ளியைக் கொஞ்சம் தாறுமாறாக ஏற்றி இறக்குவதுதான் அவருடைய வழி. வேக்ஸ் 11/780 கணினியில் ஒரு ஃபிரேமுக்கு, அதாவது ஒரு படத்துக்கு, 20 முதல் 40 நிமிடம் பிடித்தது.

அடுத்து கென் பெர்லின். கணினிப் படங்கள் எல்லாம் மொழுமொழுவென்று இருப்பது பிடிக்காமல் 1983-இல் அவர் செய்த நாய்ஸ் சூத்திரத்தை, அதாவது இயற்கையில் இருப்பது போன்ற தாறுமாறைக் கணக்காகத் தரும் முறையை, 1985-இல் வெளியிட்டார். 1997-இல் அதற்கு ஆஸ்கர் அகாடமியின் தொழில்நுட்ப விருதும் கிடைத்தது. இன்றைக்கு நீங்கள் எந்த மென்பொருளில் மேகமோ பாறையோ செய்தாலும் அடியில் அவருடைய நாய்ஸோ அதன் வாரிசோதான் ஓடுகிறது. மாண்டல்பிராட்டின் மாணவர் கென் மஸ்கிரேவ் இதை நிலக்காட்சிக்கென்றே வளர்த்தார். மழைநீர் அரிப்பை மலைமேல் ஓட்டிக் காட்டிய அவருடைய கட்டுரை 1989-இல் வந்தது. பிளெண்டர் என்ற மென்பொருளில் மஸ்கிரேவ் என்ற பெயரிலேயே ஒரு நோடு (ஒரு கணக்கைச் செய்யும் பெட்டி) இருந்தது. 4.1 பதிப்பில் அதை நாய்ஸ் நோடுக்குள் கரைத்துவிட்டார்கள், எனக்கு அதில் கொஞ்சம் வருத்தம்தான்.

வீட்டுக்குள் நுழைந்தது அமிகா கணினி வழியாக. 7 மெகாஹெர்ட்ஸ் சொச்சம் வேகம், ஹாம் என்ற முறையில் 4,096 நிறம். அதில் ஓடிய விஸ்டாப்ரோ என்ற மென்பொருள், அமெரிக்க நிலவியல் துறையின் உயரத் தரவைப் படித்து நிஜமான பள்ளத்தாக்குகளை வரைந்தது. செவ்வாய்க் கிரகத்தின் தரவையும் படித்தது. இதை விடாமல் நோண்டியவர்களில் ஒருவர் கொழும்பில் குடியிருந்த ஆர்தர் சி. கிளார்க். செவ்வாயில் காற்றும் காடும் வந்தால் எப்படி இருக்கும் என்று விஸ்டாப்ரோவில் அவரே படங்கள் செய்து 1994-இல் வந்த தம் நூலில் சேர்த்தார். எழுபத்தைந்து வயதை ஒட்டிய ஒருவர் வீட்டில் உட்கார்ந்து செவ்வாயின் ஒலிம்பஸ் மலைமேல் மரம் நட்டுக்கொண்டிருந்தார் என்பதைவிட இந்தப் பொழுதுபோக்குக்கு நல்ல விளம்பரம் கிடையாது.

அதே 1994-இல் மேக் கணினிக்கு பிரைஸ் என்ற நிலக்காட்சி மென்பொருள் வந்தது. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்துப் பள்ளத்தாக்கின் பெயர் அது. மஸ்கிரேவின் கை அதிலும் உண்டு. 90களின் பிற்பகுதியில் இங்கிலாந்தின் மேட் ஃபேர்க்ளஃப் டெராஜென் செய்தார். வானம் நிஜமாகவே வானம் மாதிரி இருந்த முதல் இலவச மென்பொருள் என்று பலர் அதைத்தான் நினைவில் வைத்திருக்கிறார்கள்.

என் சிஸ்டத்தில் ஓடுமா?

8 ஜி.பி. ரேம் இருந்தால் தொடங்கலாம். 16 இருந்தால் நிம்மதி. கிராபிக்ஸ் கார்டு என்விடியா, ஏ.எம்.டி., ஆப்பிள் எதுவாக இருந்தாலும் பிளெண்டரின் ரெண்டர் பகுதியான சைக்கிள்ஸ் அதைப் பயன்படுத்திக்கொள்ளும். கார்டே இல்லையென்றாலும் சி.பி.யூ.வில் ஓடும், மெதுவாக. மலை பெரிய கோப்பு என்பதால் வேகத்தைவிட நினைவகம்தான் முதலில் கழுத்தைப் பிடிக்கும்.

மடிக்கணினி வைத்திருப்பவர்கள் மெத்தைமேல் வைத்து ரெண்டர் போடாதீர்கள். மே மாத வெக்கையில் சூடு ஏறினால் அது தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், 5 நிமிட ஃபிரேம் 8 நிமிடம் ஆகும். அடியில் இரண்டு கட்டை கொடுத்துத் தூக்கி வைத்து, டேபிள் ஃபேனைத் திருப்பி விடுங்கள்.

எந்த மென்பொருளில் தொடங்குவது?

பிளெண்டர். இலவசம், பாடங்கள் கொட்டிக் கிடக்கின்றன, மலை முதல் வீடியோ வெட்டுவது வரை ஒரே இடத்தில் முடியும். ஏ.என்.டி. லேண்ட்ஸ்கேப் என்ற ஆட்-ஆனை, அதாவது துணைநிரலை, சேர்த்துக்கொண்டால் பொத்தானைத் தட்டியதும் ஒரு மலை வரும்.

டெராஜெனில் வானமும் தொலைவும் இன்றைக்கும் பிளெண்டரைவிட எளிதாக அழகாக வரும். அது ஒரு முழுக் கோளத்தையே கணக்கில் எடுப்பதால் பூமியின் வளைவுகூட இருக்கும். 50 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் மலையின் அடிவாரம் வளைவால் ஏறக்குறைய 200 மீட்டர் இறங்கிப்போகும். தட்டையான தளத்தில் இது கிடைக்காது. வணிகமல்லாத பயன்பாட்டுக்கு இலவசப் பதிப்பு உண்டு, நிலைப்படம் பழக அது போதும். காசு கொடுத்து வாங்கும் முன் அனிமேஷன் எந்தப் பதிப்பில் இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

வியூ என்ற பழைய பெருந்தலையை 2024-இல் விற்பனையிலிருந்து நிறுத்தி இலவசமாக விட்டுவிட்டார்கள். இனி வளராது, ஆனால் விளையாடிப் பார்க்கலாம். மழைநீர் அரிப்பைச் செய்வதற்கென்றே இருக்கும் மென்பொருள்கள் வேர்ல்டு மெஷினும் கையாவும். நிரல் எழுதப் பிடிக்கும் என்றால் 1991 முதல் இருக்கும் பாவ்-ரே. எல்லாம் எழுத்துதான், மவுஸுக்கு வேலையில்லை.

பத்து நொடிக் காட்சிக்கு எவ்வளவு நேரம் ஆகும்?

நொடிக்கு 24 ஃபிரேம், 10 நொடிக்கு 240. ஒரு ஃபிரேமுக்கு 5 நிமிடம் என்றால் 20 மணி நேரம். ஒரு நிமிடக் காட்சி வேண்டுமென்றால் ஐந்து நாள், இரவு பகலாக. எனவே எந்த வேலையையும் இந்தக் கணக்கிலிருந்து பின்னோக்கித்தான் திட்டமிட வேண்டும்: எத்தனை இரவு கணினியை விட்டுக்கொடுக்க முடியும், அதை 240-ஆல் வகுத்தால் ஒரு ஃபிரேமுக்கு எவ்வளவு, அதற்குள் எத்தனை மரம், எவ்வளவு மேகம்.

புதுக் கார்டு வாங்கினால் இந்தத் தொல்லை தீரும் என்று நினைக்கிறோம். தீராது. வேகம் கூடக் கூட நாம் புல்லைக் கூட்டிவிடுவோம். ஜேம்ஸ் பிளின் என்ற முன்னோடி இதை ஒரு விதியாகவே சொல்லியிருக்கிறார்: வன்பொருள் எவ்வளவு வளர்ந்தாலும் ஒரு ஃபிரேமுக்கு ஆகும் நேரம் மாறுவதில்லை. 1980-இல் கார்பென்டருக்கு ஆன 20 நிமிடத்தை இன்றும் வீடுகளில் பார்க்கலாம்.

நேரத்தைக் குறைக்க முதல் வழி அளவைக் குறைப்பது. 1920-க்கு 1080 என்றால் சுமார் 20.7 லட்சம் புள்ளி (பிக்சல்). 1280-க்கு 720 என்றால் 9.2 லட்சம், பாதிக்கும் குறைவு. பழகும் காலத்தில் 720 போதும். 4கே என்ற பேச்சே வேண்டாம்.

நடுவில் கரண்ட் போனால்?

நேரடியாக வீடியோவாக ரெண்டர் போட்டிருந்தால் கோப்பு கெட்டுப்போகும், எல்லாம் முதலிலிருந்து. அதனால் எப்போதும் தனித்தனிப் படங்களாக, பி.என்.ஜி. அல்லது ஈ.எக்ஸ்.ஆர். வரிசையாகப் போடுங்கள். 137-ஆவது ஃபிரேமில் கரண்ட் போனால் 137-லிருந்து தொடரலாம். கடைசியில் எஃப்எஃப்எம்பெக் என்ற வீடியோ கருவியிலோ பிளெண்டரின் வீடியோ பகுதியிலோ சேர்த்துக்கொள்ளலாம்.

பிளெண்டரின் அவுட்புட் பகுதியில் ஓவர்ரைட்டை அணைத்து பிளேஸ்ஹோல்டர்ஸை ஏற்றிவிடுங்கள். ஒரு ஃபிரேமைத் தொடங்கும்போதே அதன் பெயரில் ஒரு வெற்றுக் கோப்பு விழும். ஏற்கெனவே இருக்கும் கோப்பை பிளெண்டர் தொடாது. ஒரே ஃபோல்டரைப் பகிர்ந்துகொண்டு தம்பியின் கணினியையும் சேர்த்து ஓட்டலாம், இரண்டும் ஒரே ஃபிரேமைப் போடாது. கரண்ட் போகும் நேரத்தில் ஒரு ஃபிரேம் பாதியில் நின்றிருந்தால் அந்த வெற்றுக் கோப்பை மட்டும் தேடி அழித்துவிட்டு மறுபடி ஓட்டுங்கள். இன்னொரு உபயோகம்: முதலில் ஃபிரேம் ஸ்டெப்பை 8 என்று வைத்து எட்டுக்கு ஒன்றாகப் போடுங்கள். 30 படத்தை ஓட்டிப் பார்த்தாலே எங்கே கோணல் என்று தெரிந்துவிடும். சரியாக இருந்தால் ஸ்டெப்பை 1-க்கு மாற்றி இடைவெளியை நிரப்பச் சொல்லலாம். போட்டது எதுவும் வீணாகாது.

மின்கட்டணம் பற்றி வீட்டில் கேட்பார்கள். சிஸ்டம் 300 வாட் இழுத்தால் 20 மணி நேரத்துக்கு 6 யூனிட். ஏ.சி.யோடு ஒப்பிட்டால் ஒன்றுமில்லை என்று சொல்லிப் பார்க்கலாம்.

சொந்தக் கணினி தாங்காது என்றால் ஷீப்-இட் என்ற இலவசக் கூட்டு ரெண்டர் ஏற்பாடு இருக்கிறது. மற்றவர்களின் ஃபிரேமை உங்கள் கணினி போட்டுக் கொடுத்தால் புள்ளி சேரும், அந்தப் புள்ளியில் உங்கள் ஃபிரேமை உலகின் வேறு மூலைகளில் போட்டுத் தருவார்கள்.

கற்பனை மலை வேண்டாம், எங்கள் ஊர் மலையே வேண்டும். உயரத் தரவு எங்கே கிடைக்கும்?

2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்கலம் 11 நாள் பறந்து, 60 மீட்டர் நீளக் கம்பத்தை விண்வெளியில் நீட்டி, ரேடார் கொண்டு பூமியின் நிலப்பரப்பில் சுமார் 80 விழுக்காட்டை அளந்தது. எஸ்.ஆர்.டி.எம். என்று பெயர். வடக்கே 60 பாகை முதல் தெற்கே 56 பாகை வரை, ஏறத்தாழ 30 மீட்டருக்கு ஓர் உயரப் புள்ளி. இலவசம். ஐரோப்பாவின் கோப்பர்னிகஸ் திட்டத்தின் 30 மீட்டர் தரவு இதைவிடப் புதியது, மலைப்பகுதிகளில் ஓட்டை குறைவு. நம் இஸ்ரோவின் புவன் தளத்தில் கார்ட்டோசாட் செயற்கைக்கோள் எடுத்த 30 மீட்டர் தரவும் உண்டு. ஓப்பன்டோப்போகிராஃபி தளத்தில் கணக்குத் தொடங்கி, பிளெண்டர்ஜிஐஎஸ் ஆட்-ஆனைப் போட்டுக்கொண்டால் பிளெண்டருக்குள்ளிருந்தே வரைபடத்தில் கட்டம் போட்டு இறக்கலாம்.

எஸ்.ஆர்.டி.எம். தரவு ஒரு பாகைக்கு ஒரு பாகை துண்டாக வரும், தென்மேற்கு மூலைதான் துண்டின் பெயர். உதகையும் தொட்டபெட்டாவும் வடக்கு 11, கிழக்கு 76 துண்டில் இருக்கின்றன. கொடைக்கானலும் ஆனைமுடியும் வடக்கு 10, கிழக்கு 77. சிவனொளிபாதமலை வடக்கு 6, கிழக்கு 80. இலங்கையின் உயர்ந்த மலையான பிதுருதலாகலை மட்டும் வம்பு பிடித்தது. உச்சி 7-ஆம் பாகைக் கோட்டின்மேலேயே ஏறி உட்கார்ந்திருக்கிறது. ஒரு துண்டை மட்டும் இறக்கினால் மலையைக் கத்தியால் பிளந்த மாதிரி பாதிதான் வரும். வடக்கு 6, வடக்கு 7 இரண்டையும் இறக்கி க்யூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் ஒட்டிக்கொள்ளுங்கள்.

துண்டு முழுவதையும் அப்படியே ஏற்றாதீர்கள். 3,601-க்கு 3,601 புள்ளி, மொத்தம் ஒரு கோடியே முப்பது லட்சத்துக்கு ஒட்டி வரும். சின்ன சிஸ்டம் ஹேங் ஆகிவிடும். கேமரா பார்க்கும் திசையில் 15-க்கு 15 கிலோமீட்டர் வெட்டிக்கொண்டு, பின்னணி மலைகளுக்கு மட்டும் கரடுமுரடான 90 மீட்டர் தரவை வையுங்கள். துருவத்தை நோக்கிப் போகப் போகத் தீர்க்கரேகைகள் நெருங்கும் சுருக்கத்தைப் பற்றி வெளிநாட்டுப் பாடங்களில் பக்கம் பக்கமாகச் சொல்வார்கள். 11 பாகையில் அது 2 விழுக்காடுதான். நார்வேக்காரர் கவலைப்படட்டும்.

மலைச் சரிவு படிக்கட்டு படிக்கட்டாக வருகிறதே?

உயரத்தை 8 பிட் படமாகச் சேமித்திருக்கிறீர்கள். 8 பிட்டில் 256 படிதான். தொட்டபெட்டா 2,637 மீட்டர், கடல்மட்டத்திலிருந்து அதை 256-ஆல் வகுத்தால் ஒரு படி 10 மீட்டருக்கு மேல். 16 பிட்டில் 65,536 படி, ஒன்று 4 சென்டிமீட்டர். ஜேபெக் வழியாக உயரத் தரவைக் கொண்டுபோகவே கூடாது.

எல்லாம் சரியாகச் செய்தும் மலை பொம்மை மாதிரி தெரிகிறது. ஏன்?

அதிகம் வரும் கேள்வி இதுதான். காரணம் பெரும்பாலும் மலையில் இல்லை, கேமராவில் இருக்கிறது.

10 நொடியில் 20 கிலோமீட்டர் பள்ளத்தாக்கைக் கடக்கும்படி கேமராப் பாதை போட்டிருப்பீர்கள். நொடிக்கு 2 கிலோமீட்டர். மணிக்கு 7,200. பயணிகள் விமானத்தின் வேகத்தைப் போல எட்டு மடங்கு. அந்த வேகத்தில் எதுவும் கடந்துபோவதைப் பார்த்தால் அது சின்னப் பொருளாகத்தான் இருக்க வேண்டும் என்று கண் முடிவு கட்டிவிடும். மணிக்கு 200 கிலோமீட்டரில் பறக்கும் சிறு விமானம் 10 நொடியில் 555 மீட்டர்தான் போகும். உங்கள் கேமராவும் அவ்வளவுதான் போக வேண்டும். சலிப்பாக இருக்கும் என்று தோன்றும், இருக்காது.

இரண்டாவது காற்று. தொலைவில் இருப்பது வெளிறி நீலம் பாய வேண்டும். பிளெண்டரின் வான டெக்ஸ்ச்சர் வானத்தை மட்டும்தான் தரும், மலைக்கும் கேமராவுக்கும் நடுவே காற்றைத் தராது. அதை நீங்கள் சேர்க்க வேண்டும். வால்யூமாக, அதாவது காட்சியை நிரப்பும் மூட்டமாகச் சேர்க்கிறீர்கள் என்றால் ஒரு கணக்கு: 3.9-ஐப் பார்வைத் தொலைவால் வகுத்தால் அடர்த்தி. 39 கிலோமீட்டர் வரை தெரியும் நாளுக்கு மீட்டருக்கு 0.0001. காட்சியை ஆயிரத்தில் ஒன்றாகச் சுருக்கிக் கட்டியிருந்தால் 0.1. ஆனால் காட்சி முழுக்க வால்யூம் போட்டால் ரெண்டர் நேரம் எகிறும். தொலைவை மட்டும் சாம்பல் நிறத்தில் காட்டும் மிஸ்ட் பாஸை எடுத்து, படங்களைக் கலக்கும் கம்பாசிட்டரில் நீலச்சாம்பலைக் கலந்தால் முக்கால்வாசி பலன் கிடைத்துவிடும், செலவு பூஜ்ஜியம். வெயில்கீற்று மேகத்தினூடே இறங்க வேண்டும் என்றால் மட்டும் வால்யூமுக்குப் போங்கள்.

மூன்றாவது, உயரத்தை இழுத்துக் கூட்டுவது. நிஜத் தரவை ஏற்றியதும் மலை சப்பையாகத் தெரியும். உடனே இரண்டு மடங்கு ஆக்கத் தோன்றும். 1.3 மடங்குக்கு மேல் போகாதீர்கள். நீலகிரி ஆல்ப்ஸ் ஆகிவிடும்.

கேமராவை நகர்த்தாமல் எப்படி அசைவைக் காட்டுவது?

வெளிச்சத்தை நகர்த்துங்கள். நான் எல்லோருக்கும் முதலில் சொல்வது இதைத்தான். நிலக்காட்சியில் பார்க்கச் சலிக்காத அசைவு மேக நிழல் சரிவில் ஏறி இறங்குவது. கேமராவை நட்டு வைத்துவிட்டால் வேலை பாதியாகிவிடும்: மலையின் பின்பக்கம் செய்ய வேண்டியதில்லை, முன்னால் நிற்கும் நாலு செடியை மட்டும் நுணுக்கமாகச் செய்தால் போதும், மின்னும் தொல்லையும் குறையும்.

சூரியன் மணிக்கு 15 பாகை நகரும். ஒரு மணி நேரத்தைப் பத்து நொடியாகச் சுருக்கினால் ஒரு ஃபிரேமுக்கு 0.0625 பாகை. சூரியத் தட்டின் அகலமே அரைப் பாகை என்பதால் நிழல் துள்ளாமல் வழுக்கிக்கொண்டு போகும். பிளெண்டரின் சன் பொசிஷன் ஆட்-ஆனில் ஊரின் அட்சரேகையும் தேதியும் கொடுத்தால் அதுவே இடத்தைச் சொல்லும்.

இங்கே வெளிநாட்டுப் பாடங்களை அப்படியே பின்பற்ற முடியாது. சமஇரவு நாளில் லண்டனில் சூரியன் உதித்து ஒரு மணி நேரத்தில் 9 பாகைதான் ஏறும், உதகையில் கிட்டத்தட்ட 15. பொன்வெயில் நமக்குக் கொஞ்ச நேரம்தான். ஏப்ரல் 20, ஆகஸ்ட் 22 தேதிகளை ஒட்டி உதகைக்கு நடுப்பகலில் சூரியன் உச்சந்தலைக்கு நேரே வந்துவிடும். நிழலே இருக்காது, எவ்வளவு நல்ல மலையும் தட்டையாகிவிடும். டிசம்பர், ஜனவரி காலை எட்டு மணி வெயிலை வைத்துத் தொடங்குங்கள்.

மேகம் நகர்கிறது, ஆனால் அட்டையை இழுத்த மாதிரி இருக்கிறது.

நாய்ஸை ஒரு திசையில் தள்ள மட்டும் செய்திருக்கிறீர்கள். நிஜ மேகம் போகிற போக்கிலேயே முளைத்துக் கரையும். நாய்ஸ் நோடை 4டி-க்கு மாற்றி டபிள்யூ என்ற நான்காவது மதிப்பை மெல்ல ஏற்றுங்கள். இடம் நகர்வதும் உருவம் மாறுவதும் சேர்ந்து நடக்கும். பெரிய திரளுக்கு மெதுவாகவும் ஓரப் பிசிறுகளுக்கு வேகமாகவும் ஏற்ற வேண்டும்.

கடலுக்கு பிளெண்டரின் ஓஷன் மாடிஃபையர் போதும். ஜெர்ரி டெசன்டார்ஃப் எழுதிய அலைக் கணக்குதான் அதன் அடிப்படை, சினிமாக்காரர்களும் அதையேதான் நம்பினார்கள்.

புல்லும் மரமும் மின்னி மின்னி அடிக்கின்றன.

நிலைப்படத்தில் தெரியாத குற்றமெல்லாம் ஓடவிட்டால் தெரியும். மின்னுவதற்குக் காரணம் ஒன்றல்ல, ஒவ்வொன்றாகத்தான் கழிக்க வேண்டும்.

சாம்பிளை (ஒரு புள்ளிக்கு எத்தனை முறை வெளிச்சத்தைக் கணக்கிடுவது என்பதை) குறைவாக வைத்து, பிசிறைத் துடைக்கும் டினாய்சரை நம்பியிருந்தால், அது ஒவ்வொரு ஃபிரேமிலும் இல்லாத இலையை ஒவ்வொரு விதமாக ஊகிக்கும். ஓடும்போது இலைகள் கொதிப்பது போல இருக்கும். சாம்பிளை ஏற்றித்தான் ஆக வேண்டும், டினாய்சரைக் கடைசித் துடைப்புக்கு மட்டும் வையுங்கள். சைக்கிள்ஸில் சீடு, அதாவது பிசிறு எங்கெங்கே விழும் என்பதைத் தீர்மானிக்கும் எண், ஃபிரேமுக்கு ஃபிரேம் மாறவில்லை என்றால் புள்ளிகள் அழுக்குக் கண்ணாடி வழியே பார்ப்பது போல அப்படியே நிற்கும். சீடு பக்கத்தில் இருக்கும் கடிகாரக் குறியைத் தட்டுங்கள்.

பாறை விளிம்பு மட்டும் துடிக்கிறது என்றால் அது அடாப்டிவ் சப்டிவிஷன். கேமரா நெருங்க நெருங்க அது வலையை வேறு மாதிரி உடைக்கிறது. டைசிங் கேமரா என்று தனியாக ஒன்றை நட்டு வைத்தால் நின்றுவிடும். டெராஜெனில் மறைமுக வெளிச்சத்தைச் சில ஃபிரேம்களுக்கு ஒருமுறை சேமித்து இடையில் கலக்கச் சொல்லலாம்.

தொலைவுப் புல்லுக்கு மருந்து வேறு. எடுத்துவிடுங்கள். ஒரு புள்ளியைவிடச் சின்னதாகத் தெரியும் புல்லிதழ் மின்னத்தான் செய்யும். 200 மீட்டருக்கு அப்பால் புல் இல்லை, புல்நிறம்தான்.

மரங்களை எங்கே, எப்படி நடுவது?

இறைத்துவிடாதீர்கள். மேற்குத்தொடர்ச்சி மலையின் உச்சிப் பகுதிகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: சோலைக்காடு மடிப்புகளில், ஓடை இறங்கும் பள்ளங்களில் ஒடுங்கிக் கிடக்கும், முகடும் சரிவும் வெறும் புல்வெளி. இதை அப்படியே விதியாக எழுதலாம். உட்குழிந்த இடத்தில் சோலை, புடைத்த இடத்தில் புல், சரிவு மிகக் கூடினால் பாறை. பிளெண்டரின் ஜியாமெட்ரி நோட்ஸில் இந்த மூன்று மாஸ்க்கை, அதாவது எது எங்கே வரலாம் என்ற வரம்பை, போட்டதும், மலை யாரோ செய்தது போலத் தெரியாமல் தானாக வளர்ந்தது போலத் தெரியத் தொடங்கும். தேயிலை வேண்டுமென்றால் சமஉயரக் கோடுகளை ஒட்டி வரிசை பிடியுங்கள், நடுநடுவே சில்வர் ஓக்.

ஒரே மரத்தின் பிரதிகளை இன்ஸ்டன்ஸாக நட்டால் லட்சம் மரமும் கிட்டத்தட்ட ஒரு மரத்தின் நினைவகத்தைத்தான் எடுக்கும். நாலைந்து வகை மரத்தைத் திருப்பியும் சாய்த்தும் நட்டால் காடு.

இலவச மரத்தொகுப்புகளில் பைனும் ஓக்கும்தான் இருக்கும். பனை கிடைப்பது அபூர்வம், ஆனால் பனையைப் போல எளிதாகச் செய்யக்கூடிய மரமும் இல்லை: நேரான தண்டு, விசிறி மட்டை இருபது முப்பது, அடியில் காய்ந்து தொங்கும் சில மட்டை. கிளைவிடும் மரங்களுக்கு சாப்ளிங் ஆட்-ஆன்.

எங்கள் ஊர் தஞ்சாவூர். மலையே இல்லை.

உயரத் தரவை மறந்துவிடுங்கள். எஸ்.ஆர்.டி.எம். தரவின் பிழையே சில மீட்டர் இருக்கும், வயலின் மேடுபள்ளம் அதற்கும் குறைவு. ஏற்றினால் வயல்வெளி அம்மைத்தழும்பாக வரும். தட்டையான தளம், வரப்பு, தேங்கிய தண்ணீரில் வானம். சமவெளியில் முக்கால் படம் வானம்தான், அதனால் மேகத்தில் உழையுங்கள். தூத்துக்குடிப் பக்கத் தேரிக்காடு இன்னும் நல்ல பாடம்: செம்மண் மேடு, அதில் காற்று வரிக்கோடு, பனை. நாய்ஸை ஒரு திசையில் மட்டும் நீட்டினால் மணல்வரி வந்துவிடும்.

ஏ.ஐ.யிடம் ஒரு வரி எழுதிக் கொடுத்தால் மலை வீடியோ வந்துவிடுகிறதே?

வரும். கல்யாண வீடியோவுக்குப் பின்னணி வேண்டுமென்றால் அதையே எடுத்துக்கொள்ளுங்கள். அது ஏதோ ஒரு மலை. அதே முகட்டை இரண்டு பாகை தள்ளிய வெயிலில் மறுபடி காட்டச் சொல்லும்போதுதான் சண்டை தொடங்கும்.

யூடியூபில் ஏற்றியதும் புல்லெல்லாம் கூழாகிவிட்டது.

புல், இலை, நீர்ப்பளபளப்பு ஆகியவற்றைச் சுருக்குவது எந்த வீடியோ முறைக்கும் கடினம். 1080-இல் போட்ட படத்தை 1440-க்குப் பெரிதாக்கி ஏற்றிப் பாருங்கள், பெரும்பாலும் கூடுதல் தரம் ஒதுக்கப்படும். நீங்கள் கொடுக்கும் கோப்பை முதலிலேயே நசுக்கி அனுப்பாதீர்கள்.

யாருக்கு நன்றி போட வேண்டும்? விற்கலாமா?

எஸ்.ஆர்.டி.எம். தரவு பொதுச்சொத்து, நாசா பெயரைப் போடுவது மரியாதை. கோப்பர்னிகஸ் தரவுக்குப் பெயர் குறிப்பிடுவது கட்டாயம். புவன் தளத்தின் நிபந்தனையை இறக்கும்போதே படித்துவிடுங்கள். பாலி ஹேவன் தளத்து டெக்ஸ்ச்சர்களுக்கு எந்தக் கட்டுப்பாடும் இல்லை. பிளெண்டரில் செய்த படம் முழுக்க உங்களுடையது, விற்கலாம். டெராஜென் இலவசப் பதிப்பில் செய்ததை விற்க முடியாது. நன்றி வரிகளை வீடியோவின் கீழ்க் குறிப்பில் போடுவதே வழக்கம்.